வாரும் வைராக்கியமும்

கோடைக்கானல் ஏரிக்கரைக்குப் போனவர்களுக்குப் பலூன் சுடும் கடைகள் தெரிந்திருக்கும். தட்டியில் வரிசையாகக் கட்டிய பலூன்கள். எதிரே ஒரு மேஜை. மேஜைமேல் ஒரு காற்றுத் துப்பாக்கி. சமவெளியிலிருந்து வந்த புது மாப்பிள்ளை அதை எடுத்துத் தோளில் வைக்கிறார். ஏறக்குறைய 7,000 அடி உயரம். சற்றுமுன் மேடேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. குழல் முனை ஒரு பலூனுக்கும் அடுத்த பலூனுக்கும் நடுவே ஊஞ்சலாடுகிறது. நான்கு குண்டுகள் தட்டிக்குப் போகின்றன. ஐந்தாவதற்கு முழங்கைகளை மேஜைமேல் ஊன்றிக்கொள்கிறார், பலூன் வெடிக்கிறது. கூட வந்த மைத்துனன் சும்மா இருப்பானா? "ஊன்றிக்கிட்டுச் சுட்டா யார்தான் சுட மாட்டாங்க, அத்தான்?" என்கிறான்.

இது வேடிக்கைப் பேச்சு. ஆனால் இதே கேள்வியைப் பலூன் கடைக்கு வெளியிலும் நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அங்கே அது அவ்வளவு வேடிக்கையாக இருப்பதில்லை. ஒரு பிடிமானத்தின் தயவில் நிற்பவனை நிற்பவன் என்று சொல்லலாமா? ஏதோ ஒன்றுக்குக் கட்டுப்பட்டு ஒழுங்காக இருப்பவனின் ஒழுக்கம் அவனுடையதா, அந்தக் கட்டினுடையதா?

என்னிடம் இதை மிகவும் கூர்மையாகக் கேட்டவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். என் நெடுநாளைய சிநேகிதர். ஒரு தை மாதம் நாங்கள் இருவரும் கோடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போயிருந்தோம். மேல்நாட்டில் பிறந்து நம் சமயத்தைத் தழுவிய ஒரு பெண்மணி 1936-இல் கட்டிய கோயில் அது. மேகம் விலகியிருந்தால் அங்கிருந்து வடக்கே, மலைகளுக்கு அப்பால் சமவெளியில், பழனி தெரியும். அன்று தெரிந்தது. தைப்பூசத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"நம் தச்சர் இப்போது அங்கேதான் எங்காவது நடந்துகொண்டிருப்பார்" என்றார் சிநேகிதர்.

எங்கள் இருவர் வீட்டுக்கும் வேலை செய்பவர் அந்தத் தச்சர். கை தங்கம், வாய் மட்டும் மதுவுக்கு அடிமை. ஆனால் ஆண்டுதோறும் பழனிக்கு மாலை போட்டுக்கொண்டு, பச்சை வேட்டி கட்டி, ஒரு மண்டலம், 48 நாள், விரதம் இருப்பார். அந்த நாட்களில் ஒரு துளி தொடமாட்டார். நடந்தே பழனிக்குப் போய், மலையேறி, திரும்பி வந்து மாலையைக் கழற்றுவார். கழற்றிய ஒரு வாரத்துக்குள் பழைய பாதை.

"இதில் என்ன ஒழுக்கம் இருக்கிறது, சொல்லுங்கள்" என்றார் சிநேகிதர். "கட்டிப் போட்ட மாடு பயிரை மேயவில்லை என்றால் பெருமை மாட்டுக்கா? கயிற்றுக்கு!"

நல்ல வாக்கியம். வகுப்பில் சொல்லியிருந்தால் மாணவர்கள் குறித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு உடனே பதில் தோன்றவில்லை. அடுத்த நாள் ஒரு மண்வெட்டிக் காம்பிலிருந்து அது கிடைத்தது.

பெருமாள்மலைப் பக்கம் பூண்டும் பீன்ஸும் பயிரிடும் ஒரு முன்னாள் ஹவில்தார் எனக்குப் பழக்கம். ராணுவத்தில் பல ஆண்டுகள் இளைஞர்களுக்கு ரைபிள் சுடக் கற்றுக்கொடுத்தவர். பலூன் கடைப் பேச்சு வந்தபோது அவர், "ரைபிளுக்கு மேஜை எதுக்குங்க ஐயா? அதோட வாரே போதும்" என்றார். ரைபிளின் வார் என்பது அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பதற்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவரிடம் இப்போது துப்பாக்கி கிடையாது. ஒரு மண்வெட்டிக் காம்பை எடுத்து, பழைய பை ஒன்றின் வாரை அதன் முன்பக்கத்தில் முடிந்து, என்னை வரப்பில் குப்புறப் படுக்கச் சொன்னார்.

வாரின் மறுநுனியில் ஒரு வளையம். அதற்குள் என் இடது கையை நுழைத்து, அக்குளுக்குச் சற்றுக் கீழே மேற்கையில் இறுக்கினார். பிறகு கையை வாருக்கு வெளிப்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்து காம்பைக் கீழிருந்து தாங்கச் செய்தார். காம்பின் பின்முனை என் வலது தோளில் அழுந்தியது. "இப்ப இடது கையைத் தளர விடுங்க" என்றார். தளர விட்டால் காம்பு சரியும் என்று எதிர்பார்த்தேன். சரியவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது.

காரணம் எளிது. முன்னே தாழப் பார்க்கும் ரைபிளை வார் மேற்கையோடு இழுத்துப் பிடிக்கிறது. பாரம் மேற்கை எலும்பு வழியாக முழங்கைக்கும், முழங்கையிலிருந்து தரைக்கும் இறங்கிவிடுகிறது. மேற்கை, முன்கை, வார் மூன்றும் ஒரு முக்கோணம் ஆகின்றன, முக்கோணம் நெளியாது. தசைக்கு அதிகம் வேலை இல்லை. தசை களைக்கும், களைத்தால் நடுங்கும். எலும்புக்கு அந்தக் குணம் கிடையாது.

நடுக்கம் அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்து மதிப்பெண் தரும் நடுவட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரைபிள் 1 மீட்டர் நீளம் என்றால், அதன் முனை 0.1 மில்லிமீட்டர் விலகினால் போதும், 50 மீட்டர் தூரத்தில் குண்டு 5 மில்லிமீட்டர் விலகி வட்டத்தின் விளிம்புக்குப் போய்விடும். மயிரிழையில் தப்பியது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே, இங்கே அது அளவெடுத்த உண்மை.

போட்டி விதிகளை வகுத்தவர்கள் செய்திருக்கும் ஒரு பாகுபாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்த 50 மீட்டர் போட்டியில் மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடுகிறார்கள். மண்டியிடும்போதும் படுக்கும்போதும் வார் உண்டு. 40 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் கூடாது என்பதுதான் நிபந்தனை. நிற்கும்போது வார் கூடாது. ரைபிளையோ அதைப் பிடித்த கையையோ ஒரு மணல் மூட்டைமேல் சாய்ப்பது மூன்று நிலைகளிலும் கூடாது. மணல் மூட்டை பாரத்தை என்னிடமிருந்து வாங்கி மண்ணிடம் கொடுத்துவிடுகிறது. பிறகு குறி நிற்பது மூட்டையின் சாமர்த்தியம். வாரோ ரைபிளை என் எலும்போடு கட்டுகிறது. நான் ஒழுங்காகப் படுத்திருந்தால் ரைபிள் ஒழுங்காக இருக்கும். நான் கோணினால் அதுவும் கோணும். 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் படுத்துச் சுடும் போட்டியில் ஜெர்மனியின் கிறிஸ்டியன் கிளீஸ், தகுதிச் சுற்றின் 60 குண்டுகளையும் பத்திலேயே போட்டு 600-க்கு 600 எடுத்தார், தங்கமும் வென்றார். வாரின் பெருமை என்று யாராவது சொல்வார்களானால், பக்கத்தில் படுத்திருந்த அத்தனை பேர் கையிலும் அதே வார் இருந்ததே, அது ஏன் அவர்களுக்கு 600 தரவில்லை?

இப்போது மாட்டுக்கு வருகிறேன். மாட்டைக் கட்டியது மாடு அல்ல. தச்சருக்கு மாலை போட்டவர் குருசாமி என்றாலும், கழுத்தை நீட்டியவர் அவர். நீட்டச் சொல்லி யாரும் அடிக்கவில்லை. முளையும் கயிறும் முடிச்சும் தன்னுடையவையாக இருக்கும்போது, கட்டுண்டவன் கட்டியவனும் ஆகிறான். என் சிநேகிதரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வீடு கட்டியது வருங்கால வைப்பு நிதிப் பணத்தில். மாதந்தோறும் சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்துக்கொண்ட பணம் அது. கைக்கு வந்திருந்தால் இத்தனை ஆண்டு சேர்த்திருப்பாரா என்பதை அவரிடமே கேட்கலாம். கிரகப் பிரவேசத்தன்று பாயசம் சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட, "பெருமை உங்களுக்கா? பிடித்தத்துக்கு!" என்று சொல்லவில்லை. மாதச் சம்பளக்காரனின் வாருக்குச் சேமிப்பு என்று பெயர் வைத்துவிட்டு, கூலிக்காரனின் வாரை மட்டும் கயிறு என்கிறோம்.

வாரைப் பலவீனத்தின் அடையாளமாக நம் முன்னோர்கள் எண்ணியதாகவும் தெரியவில்லை. யோக நரசிம்மரைப் பார்த்திருப்பீர்கள். சபரிமலை ஐயப்பனைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். முழங்கால்களைச் சுற்றி ஒரு பட்டை ஓடும். யோகப்பட்டம் என்று அதற்குப் பெயர். நெடுநேரம் அமர்ந்திருக்கும் உடம்பு தளர்ந்து சரியாமல் இருக்க யோகிகள் கட்டிக்கொண்ட பட்டை அது. தெய்வத்துக்கு அது எதற்கு என்று சிற்பி தயங்கவில்லை. பழனியாண்டவனும் எல்லாவற்றையும் துறந்து நின்ற கோலத்தில் கையில் ஒரு தண்டத்தை வைத்திருக்கிறான்.

ஆனால் ஹவில்தார் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு இரண்டு விஷயங்கள்.

முதலாவது, வாரைக் கட்டிய பிறகுதான் நாடி தெரியும் என்பது. மேற்கையில் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. வார் அதன்மேல் அழுந்தினால் ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் குழல் முனை ஒரு துள்ளுத் துள்ளும். கட்டாதவனுக்குக் கை முழுவதும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தில் துடிப்பு எங்கே தெரியப்போகிறது? கட்டி நிலைத்தவனுக்குத்தான் தன் நெஞ்சு அடித்துக்கொள்வது இலக்கின்மேல் தெரிகிறது. தச்சர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "மத்த நாள்ல ஆசை வர்றதுக்கு முன்னாடியே கால் கடைக்குப் போயிடுதுங்க. மாலை போட்டிருக்கறப்பதான், சாயங்காலம் ஆறு மணிக்கு அது உள்ளே வந்து உட்கார்றது தெரியுது." தன்னைப் பற்றி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துகொண்ட மாடு எங்கே இருக்கிறது?

இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது. குறி பார்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் ஹவில்தார். இரண்டு மூச்சு விட்டு, உடம்பைத் தளர்த்திவிட்டு, கண்ணைத் திற என்றார். நான் குறிவைத்திருந்தது ஒரு சில்வர் ஓக் மரத்தை. கண்ணைத் திறந்தபோது காம்பு மரத்துக்கு ஒரு முழம் வலப்புறம் காட்டிக்கொண்டிருந்தது. "அதுதான் உங்க உடம்பு தானாப் பார்க்கற இடம்" என்றார். காம்பை மரத்தின் பக்கம் தள்ளப் போனேன். தடுத்துவிட்டார். கையால் தள்ளி வைத்த குறி, விசையை அழுத்தும் நேரத்தில் பழைய இடத்துக்கே ஓடிவிடுமாம். கையை விட்டுவிட்டு, வயிற்றையும் இடுப்பையும் கால்களையும் நகர்த்தி ஆளே திரும்பிப் படுக்க வேண்டுமாம். அப்படிச் செய்து மறுபடி கண்ணை மூடித் திறந்தபோது, காம்பு யாருடைய பிரயத்தனமும் இல்லாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மன உறுதி என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி இப்படிக் கையால் தள்ளி வைத்த குறிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மாலையைக் கழற்றும் நாள், கண்ணைத் திறக்கும் நாள். அன்று மனசு எங்கே பார்க்கிறதோ அதுதான் அதன் இயல்பான திசை. அது கடையைப் பார்த்தால், "இனிமேல் வைராக்கியமாக இருப்பேன்" என்று முனையைத் தள்ளுவதில் பிரயோஜனம் இல்லை. ஆளே நகர்ந்து படுக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பும் தெருவை மாற்ற வேண்டும். சனிக்கிழமைச் சிநேகிதர்களை மாற்ற வேண்டும். வாரின் உபயோகமே, நாம் எங்கே கோணலாகப் படுத்திருக்கிறோம் என்று காட்டும் அளவுக்கு நம்மைச் சற்று நேரம் அசையாமல் வைப்பதுதான்.

எல்லா வாரும் நல்ல வார் என்று நான் சொல்ல வரவில்லை. அளவுக்கு மீறி இறுக்கினால் கை மரத்துப்போகும். பிறர் மிரட்டிக் கட்டிய விரதம் அப்படிப்பட்டது. இன்னொன்றும் உண்டு: வார் குறியை நிறுத்தும், எதைக் குறிவைப்பது என்று சொல்லாது. 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மாத்யூ எம்மன்ஸ், படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வாங்கிவிட்டு, மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்றிலும் முதலிடத்தில் நின்றார். கடைசிக் குண்டு ஒன்றுதான் பாக்கி. அமைதியாகக் குறிபார்த்துச் சுட்டார். குண்டு பக்கத்து ஆட்டக்காரரின் இலக்கில் போய்ப் பட்டது. அந்தக் குண்டுக்குப் பூஜ்யம். அவருக்கு எட்டாவது இடம். அந்தச் சுற்றில் அவர் நின்றுகொண்டு, வார் இல்லாமல்தான் சுட்டார். கை நிலைத்திருந்தது, இலக்குத்தான் அடுத்தவருடையது. ஏகாதசி தவறாமல் பட்டினி கிடந்து, அந்தப் பசியை மருமகள்மேல் காட்டுகிறவர்களை நாம் அறிவோம். அவர்களுடைய விரதத்தில் ஒரு நடுக்கமும் இல்லை.

எது எப்படியானாலும், வாரைக் கேலி செய்கிறவர்களுக்கு ஒரு பழைய வேட்டைக்காரரின் நினைவோடு பதில் சொல்ல விரும்புகிறேன். பேரிஜம் ஏரிக்குப் பக்கத்தில் ஃபோர்ட் ஹாமில்டன் என்று ஓர் இடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழனி மலைகளைச் சுற்றி ஆராய்ந்து, சித்திரமும் வரைந்து, வேட்டையும் ஆடிய டக்ளஸ் ஹாமில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியின் பெயர் அது. அவருடைய வேட்டைக் குறிப்புகள் 1892-இல் புத்தகமாக வந்தன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த மலைகளில் வேட்டை குற்றம், அது நல்லதே. ஆனால் அந்தக் காலத்து வேட்டைக்காரர்களுக்குள் ஒரு தர்மம் இருந்தது. எதிர்ப் பாறையில் நிற்கும் வரையாட்டைச் சுடும்போது, ஒரு கல் இருந்தால் கல்லில் சாய்த்துக்கொள். மரம் இருந்தால் மரத்தில். எதுவும் இல்லையென்றால் வார். கை நடுங்கிக் குண்டு காலில் பட்டால், அந்தப் பிராணி பள்ளத்தில் விழுந்து நாட்கணக்கில் துடிக்கும். அங்கே, "நான் எந்தத் தாங்கலும் இல்லாமல் சுடுவேன்" என்பது வீரம் ஆகாது. தன் கர்வத்துக்கு இன்னோர் உயிரை விலையாகக் கொடுப்பது.

போட்டி மைதானத்தில் குண்டு காகிதத்தில் படுகிறது. அங்கே ஒருவன் தன்னை அளந்துகொள்ளலாம். இந்தத் தாங்கலை ஏற்பேன், அதை ஏற்கமாட்டேன் என்று விதி வகுத்துக்கொள்ளலாம். ஆனால் குடும்பத்தில் தவறிய குண்டு காகிதத்தில் படுவதில்லை. தச்சரின் மனைவி என்னிடம் சொன்ன ஒரு வார்த்தையை நான் மறக்கவில்லை. "அந்த நாப்பத்தெட்டு நாள்தான் ஐயா, நான் ராத்திரி கதவைச் சாத்திட்டுத் தூங்குறேன்" என்றாள். மற்ற நாட்களில் கதவு சாத்துவதில்லை. அடி தாங்க முடியாமல் ஓட வேண்டியிருந்தால் வழி வேண்டும் அல்லவா? அந்த 48 இரவுகளைப் பற்றி, அவை தச்சரின் சொந்த ஒழுக்கமா, மாலையின் ஒழுக்கமா என்று மலையுச்சியில் நின்று விவாதிப்பதற்கு எனக்கோ என் சிநேகிதருக்கோ என்ன உரிமை இருக்கிறது?

பிறருக்குத் தீங்கு நேரும் இடத்தில் எந்தத் தாங்கல் கிடைத்தாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். மணல் மூட்டையானாலும் சரி. தன்னை மட்டும் அளக்கும் இடத்தில் வேண்டுமானால் வாரைக் கழற்றிப் பார்க்கலாம். கழற்றும் காலம் வராமலே போகும் என்பதும் இல்லை. 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் ஸ்வப்னில் குசாலே, மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்றில், மண்டியிட்டும் படுத்தும் சுட்டு முடித்தபோது ஐந்தாம் இடத்தில் இருந்தார். அதன்பின் வார் இல்லாத நின்ற நிலை. அதில்தான் அவர் மூன்றாம் இடத்துக்கு ஏறி வெண்கலம் பெற்றார். கட்டில் பழகிய உடம்பு கட்டில்லாமல் நிற்கவும் கற்றிருந்தது.

தச்சர் சென்ற ஆண்டு பழனியிலிருந்து திரும்பியதும் ஒரு காரியம் செய்தார். சனிக்கிழமைக் கூலியை மேஸ்திரி இனித் தம் மனைவி கையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டார். குடியை அடியோடு விட்டுவிட்டாரா என்றால், இல்லை, குறைந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் திரும்பிப் படுத்திருக்கிறார், அவ்வளவுதான். "பார்த்தீர்களா, இப்போது மாலைக்குப் பதில் மனைவி! எப்போதுதான் சொந்தக் காலில் நிற்பார்?" என்கிறார் சிநேகிதர்.

அதை நிர்ணயிக்க வேண்டியவர் அவர் அல்ல, நானும் அல்ல. அந்த அம்மாள் வருஷம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கத் தொடங்கட்டும். பிறகு அவளிடம் போய்க் கேட்கலாம், வாரைக் கழற்றலாமா என்று.